ரெஜினா சிஸ்டர் கட்டிய கம்பி

செய்தி வந்தபோது என் வீட்டு வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், எதிர்வீட்டு சரோஜா, மாடிவீட்டு வெங்கடலட்சுமி, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி கோமதி, கோமதியின் மாமியார். யார் யார் வந்தார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். ஜவளகிரியில் தம் தம்பி வீட்டில் ரெஜினா சிஸ்டர் காலையில் இறந்துவிட்டார் என்று சரோஜாவின் கணவர் வாசலில் நின்று சொன்னார். கோமதி குங்குமத்தை எடுத்தபடியே, "பாவம். இனிமே மொட்டமாடியில அந்தக் கண்றாவி தொங்காது" என்றாள். பூஜையை முடித்தேன். பிரசாதத்தை நான் தொடவில்லை.

கம்பெனி மருந்தகத்தில் நர்ஸாக இருந்த அவரை, சங்கத்தவரே, உங்களில் பலர் அறிவீர்கள். நான் அவரிடம் முதலில் போனது ஒரு மழைக்காலத்தில். பாவாடை நாடா அழுந்தும் இடத்தில் எனக்கு வட்ட வட்டமாகப் படர்தாமரை. குளித்த ஈரப்புடவையோடு பூஜை செய்வது எங்கள் வீட்டு மடி. பாவாடையை ஆண்கள் கண்ணில் படாமல் சமையலறைக் கொடியில், துண்டுக்கு அடியில் போடுவோம். மறுநாளும் அது முடைநாற்றத்தோடு இருக்கும். அதையே கட்டுவோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வெள்ளைக் களிம்பில் இரண்டே நாளில் அரிப்பு நின்றது. பிறகு வட்டம் முதுகுக்கு ஏறியது. என் உடம்பைத் தொட எனக்கே அருவருப்பாக இருந்தது.

"ஏனம்மா இது?" என்று, 'என்னம்மா இது' என்பதைக் கன்னடத்தில் கேட்டபடி, சிஸ்டர் களிம்பை வாங்கிப் படித்தார். "வாட்ச்மேனுக்குத் தூக்க மாத்திரை குடுத்துட்டு, கேட்ல சத்தமே இல்லன்னு சந்தோசப்பட்டியா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "தோலுக்குள்ள காவல் அணு இருக்குது, வெரல விரிச்சிக்கினு. பூஞ்சையத் தொட்டதும், இவன் நம்ம ஆள் இல்லன்னு கண்டுபுடிக்கும். ரத்தத்துலருந்து ஆளுங்களக் கூப்புடும். அந்த அடிதடிதான் செவப்பும் அரிப்பும். இந்தக் களிம்பு காவலத் தூங்க வச்சிடுது. பூஞ்சைக்குக் கொண்டாட்டம்."

நடு வெளுத்து ஓரம் மட்டும் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டேன்.

"நடுவுல தொரத்தியாச்சு. அது வெளிய ஓடுது, இதுங்க பின்னாலயே ஓடுதுங்க." பிறகு என் ஈரத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தார். "சாமி சுத்தத்தக் கேட்டுச்சா, ஈரத்தக் கேட்டுச்சா?"

கோபத்தில் மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நான்காம் நாள் உலர்ந்த புடவையில் விளக்கேற்றினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிய மருந்தை, அரிப்பு நின்ற பிறகும் விடாமல் போட வைத்து சிஸ்டர் என்னைக் குணப்படுத்தினார்.

அதன்பின்தான் நம் குடியிருப்பின் மொட்டைமாடியில் அவர் கம்பி கட்டினார். உச்சிவெயிலில் தம் பாவாடைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். மானம் போகிறது என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. சிஸ்டர் அதை நின்று படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டவங்கள்ல ரெண்டு பேரு சொறிஞ்சிக்கினேதான் போட்டிருப்பாங்க" என்றார். யார் என்று எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை. "அது மருந்தகத்தோட போச்சு" என்பார்.

ஜவளகிரிக்கு வேனில் போனோம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வரக் கூசி, நம் பெண்கள் சிலர் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். எத்தனை சொறியைத் தொட்ட கையோ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவள் முதுகில் மருந்து தடவியதும் அந்தக் கைதான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தக் கைகளில் ஒரு வட்டம்கூட இல்லை. தள்ளி நின்றவர்களைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தால் நோட்டீஸ்: கம்பியை அவிழ்க்கப்போகிறார்களாம். செய்தி வந்த அன்று என் பூஜையில் இருந்த ஐவரில் இருவர் விளக்கின் முன்னாலேயே இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். சிஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வாய்க்கட்டு. உலர்ந்த புடவையும்தான். இப்போது அந்தக் கம்பியில் தொங்குபவை என் பாவாடைகள்.

செயலாளர் அவர்களே, கம்பி இருக்குமா, இருக்காதா? மழை தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும்.