அரை நொடிக்குள் ஓர் ‘ஆம்’

எனக்கு உட்காரத் தெரியாது. மாட்டுத்தாவணியில் பேருந்து வரும்வரை ஓரிடத்தில் நிற்காமல் நடைமேடைக்கு நடைமேடை நடப்பேன். பேருந்து வந்து, உட்கார இடம் இருந்தாலும் படியோரம்தான் நிற்பேன். இப்படிப்பட்டவனுக்கு கே.கே. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. நாற்காலி வேலை.

அங்கே ரிப்போர்ட் அடிப்பவர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். பரிசோதனை இயந்திரம் எண்களைத் தானே ஒரு கோப்பில் எழுதிவிடும். ரிப்போர்ட் போடும் பழைய மென்பொருள் அந்தக் கோப்பை வாங்காது. அதனால் அவர் பார்த்துப் பார்த்து அடிப்பார். பெயர், எண், சேமி. பெயர், எண், சேமி. பக்கத்தில் இருந்து அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கால் ஆடும்.

ஏதாவது எண் அளவுக்கு மிஞ்சினாலோ குறைந்தாலோ மஞ்சள் பெட்டி ஒன்று எழும்பும்: ‘அளவு மாறுபடுகிறது. சேமிக்கலாமா?’ உடனே அவர் எழுந்துவிடுவார்.

“இருங்கண்ணே, ஆளப் பாத்துட்டு வாரேன்.”

வெளியே பெஞ்சில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை பேசி, திரும்பி வந்துதான் ‘ஆம்’ அழுத்துவார்.

“ஏம்மா, மூஞ்சியிலயா நம்பர் எழுதியிருக்கு?” என்றேன் ஒருநாள்.

“நம்பரா வந்து பெஞ்சுல உக்காந்திருக்கு?” என்றார்.

அந்த வாரமே, கோப்பைப் பார்த்து அவர் அடிப்பதைத் தானே அடிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். யார் கையும் படாமல் அம்புக்குறி நகர்ந்தது. பெயர்க் கட்டத்தில் போய் நின்றது, எழுத்துகள் மழைத்தூறலாக விழுந்தன, எண் விழுந்தது, ‘சேமி’ அமுங்கியது. எனக்குள் ஓடுகிற ஓட்டத்துக்கு முதல்முறையாக ஒரு திரை கிடைத்த மாதிரி இருந்தது. மஞ்சள் பெட்டி வந்த இடத்தில் மட்டும் ஓட்டம் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டி வந்தால் ‘ஆம்’ அழுத்து என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு எதுவும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் ஓடவிட்டேன். மவுஸைத் தொட்டால் அம்புக்குறி தடம் மாறி, எண் வேறு கட்டத்தில் விழும். அதனால் அவரைக் கைகட்டி உட்காரச் சொன்னேன்.

“அடிக்கவும் கூடாது, தொடவும் கூடாது. எம்புட்டு நேரம்ணே இப்படி பொம்ம மாதிரி?”

“அஞ்சே நிமிசம்.”

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“அண்ணே, மஞ்சளா ஒண்ணு வந்துட்டுப் போச்சு.”

“அதுவே ஆம் குடுத்துரும். விடும்மா.”

“யாருக்குண்ணே?”

அது எனக்குத் தெரியவில்லை. அதற்குள் நிரல் நாலைந்து பெயர்கள் தாண்டியிருந்தது. அவர் மவுஸைப் பிடித்துவிட்டார். அம்புக்குறி துள்ளியது, எழுத்துகள் கண்ட கட்டத்தில் கொட்டின. நான் அதட்ட வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பட்டியலில் மேலே போய்க்கொண்டிருந்தார். ஒரு பெயர். வெறும் வயிற்றுச் சர்க்கரை: நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத எண்.

எழுந்து ஓடினார். நானும் ஓடினேன்.

பெஞ்சின் கடைசியில், சுவரில் தலை சாய்த்து, ஐம்பது வயதுக்காரர் ஒருவர். தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருப்பேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. அந்தப் பெண் அவருடைய தோளை உலுக்கினார்.

“அண்ணே, சர்க்கர மாத்திர போட்டீகளா?”

“போட்டேன்… சாப்புடக் கூடாதுன்னாக. திருவாதவூர்ல இருந்து வெறும் வயித்தோடதான் வந்தேன்.” சொல்லுக்குச் சொல் நாக்கு குழறியது.

எதிர்க் கடைக்கு ஓடி, சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கி வந்தேன். அந்தப் பெண் அவருடைய கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். சற்று நேரத்தில் அந்த மனிதர் கண் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “பஸ்ஸு போயிருச்சா?” என்றார்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவார். அதுவரை அந்த எண் சேமிக்கப்பட்டு, அச்சாகி, தட்டில் ஒழுங்காகக் கிடந்திருக்கும்.

அந்த ஒரு வரியை அழித்தேன். மற்றபடி நிரல் இன்றும் ஓடுகிறது. மஞ்சள் பெட்டி வந்தால் அப்படியே நிற்கும்; கேள்வியைத் திரையில் வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருக்கும். அடிக்கிற வேலை அவருக்குக் குறைந்துவிட்டது. நடக்கிற வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். முதல்முறை பெட்டி எழும்பியபோது அவர் நாற்காலியை விட்டு அசையாமல் வாசலைக் காட்டினார்.

“போங்கண்ணே. சும்மாவே நடக்குறீக. அப்படியே பெஞ்சு வரைக்கும் நடந்து ஆளப் பாத்துட்டு வாங்க.”