சிரிக்காமல் கேட்க வேண்டிய கதை

1937 நவம்பர் 18, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்த மழை அப்போது சாரலாகக் குறைந்திருந்தது. வார்டின் மேற்கு ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நேரம், நர்ஸ் சீட்டில் எழுதியது. மழையும் காற்றும் நான் காதால் அறிந்தவை, ஏனென்றால் என் இரண்டு கண்களும் கட்டப்பட்டிருந்தன. அந்த நிமிடத்தில்தான் என் இடது கண் போயிற்று. புரை முற்றிப் போனதாகச் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சிரித்துப் போக்கிக்கொண்டேன் என்று ஓய்வு பெற்ற ஒரு தலைமை குமாஸ்தா எப்படிச் சொல்வது?

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். அது பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. அந்தக் காலத்தில் கண்ணில் வெட்டிய இடத்துக்குத் தையல் கிடையாது, தானாகத்தான் கூட வேண்டும். அதற்காகத் தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, கண்களைக் கட்டி, மல்லாக்கப் படுக்கவைத்துவிடுவார்கள். டாக்டர் என் தலைமாட்டில் நின்று சொன்னதில் ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை.

"பத்து நாளைக்கு இருமக் கூடாது, தும்மக் கூடாது. சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. வெட்டு இன்னும் கூடலை. பிளந்துச்சுன்னா உள்ள இருக்கிறது வெளிய வந்துரும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது, ஐயா."

நான் சரி என்றேன். என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள்.

பத்து நாள் மல்லாந்து கிடப்பவனுக்குக் காது மட்டும்தான் மிச்சம். கண் மங்கத் தொடங்கிய இரண்டு வருடங்களாகவே நான் பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் கதைகளைப் படித்து வந்தேன். அதனால் வாசிப்பவர்களைப் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயங்கள் இருந்தன. பரவையில் இருந்த என் மாப்பிள்ளை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது போல வாசிப்பார். அவருக்கு முற்றுப்புள்ளியும் கிடையாது, மூச்சும் கிடையாது. ஆபீஸ் நண்பர் ஒருவர் வேடிக்கையான இடம் வருவதற்கு இரண்டு வரி முன்பே தானாகச் சிரித்துவிடுவார், பிறகு நாம் எதற்குச் சிரிப்பது? பெண் பாத்திரம் பேசும்போது ஆண்கள் குரலைக் கிள்ளி மெல்லிசாக்குவது எனக்கு ஆகவே ஆகாது. காபி கிளப்பில் கிராமபோனில் வைக்கும் நாடக ரிக்கார்டுகள் அதைவிட மோசம். ராஜா குத்துப்பட்டு விழுந்து வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டு முடிந்துவிடும். கிளப்காரர் அதைத் திருப்பிப் போட்டு, ஊசி மாற்றி, சாவி கொடுக்கும்வரை அவன் சாகாமல் காத்துக் கிடப்பான்.

எல்லாரையும்விட எனக்குக் குறை என் மனைவியிடம்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவள், அதுவரை அவளை வாசிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்துத் தவறாமல் வாசிப்பாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் வாசித்ததைப் போல உப்புச் சப்பில்லாமல் யாரும் வாசித்துக் கேட்டதில்லை. ஆறணா விலையில் ஒரு வேடிக்கை நாவல் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். பண்ணையார் கடன்காரருக்குப் பயந்து ஓடுகிறார், மூத்த சம்சாரம் துடைப்பத்தோடு துரத்துகிறாள். அதை இவள் மளிகைச் சீட்டு ஒப்பிக்கிற மாதிரி வாசித்தாள். துவரம்பருப்பு ரெண்டு படி, மூத்த சம்சாரம் துடைப்பத்தை எடுத்தாள், கடுகு அரைப்படி.

"கொஞ்சம் உசிரோட வாசிக்கக் கூடாதா?" என்று மூன்றாம் நாள் கேட்டேன்.

"எழுதியிருக்கிறதத்தான வாசிக்கேன்," என்றாள்.

அடுத்த கட்டிலில் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், என்னைப் போலவே கட்டோடு கிடந்தார். என்ன, அவருக்கு ஆபரேஷன் எனக்கு மூன்று நாள் முன்பே ஆகியிருந்தது. துணைக்கு அவருடைய தம்பி. அந்தத் தம்பி நாடகங்களில் பபூன் வேஷம் கட்டுகிறவர். கார்த்திகை மழையில் ஊர்களில் நாடகம் கிடையாது என்பதால் வந்து உட்கார்ந்திருந்தார். என் மனைவி மத்தியானம் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டு வீட்டுக்குப் போய், கஞ்சி காய்ச்சிக்கொண்டு இரண்டு மணிக்குத் திரும்புவாள். நேற்றைவிட ஒரு கரண்டி குறைந்தாலும் நான் எண்ணிக் கேட்டுவிடுவேன். திங்கட்கிழமை அவள் போன பிறகு, புத்தகம் என் கட்டிலில் கிடப்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"பெரியவரே, நான் வேணா வாசிக்கட்டா? அக்கா வாசிக்கிறதக் கேட்டா எங்க அண்ணனுக்குத் தூக்கம் வந்துருது."

"தூங்குனா நல்லதுதானடா," என்றார் அண்ணன்.

"நீ தூங்குண்ணே. ஐயா முழிச்சிருக்கட்டும்."

வாசித்தார். அதுவரை நான் கண்டித்து வந்த அத்தனை குற்றங்களையும் அந்த மனிதர் செய்தார். பெண்ணுக்குக் குரலைக் கிள்ளினார், கான்ஸ்டபிளுக்கு மூக்கால் பேசினார், கதவு திறந்தால் கதவாகக் கிரீச்சிட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. கதை என்பதே அன்றுதான் காதில் விழுந்தது போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கால் மெல்ல மூச்சு விட்டு, சிரிப்பை வயிற்றிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் மணிக்கு நானே, "போதும், அவ வந்துருவா," என்றேன். வெற்றிலைக்கு இரண்டணா எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு மணிக்கு அவள் வந்து, தான் விட்ட பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தாள். ஏற்கெனவே கேட்டதை முதல் தடவை கேட்பவன் போலக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளுக்குத் தெரியாமல் நான் செய்த வேறு காரியம் நினைவில் இல்லை. அதைச் செய்வதற்கு எனக்குக் கண் தெரியாத வயது வர வேண்டியிருந்தது. செவ்வாயும் புதனும் இப்படியே நடந்தது.

வியாழக்கிழமை மழை. இரண்டு மணிக்கு அவள் வரவில்லை, ஜட்கா வண்டி கிடைத்திருக்காது. பபூன்காரர் நிறுத்தட்டுமா என்று கேட்டார். நான்தான், "அவ வார வரைக்கும் வாசிங்க," என்றேன்.

பண்ணையார் நெல் குதிருக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும் கட்டம். மேலே கான்ஸ்டபிள் மூடியின்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறான். உள்ளே பண்ணையார் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். பபூன்காரர் அந்த இடத்தில் தொண்டையை இரண்டு முறை செருமிவிட்டு, சலித்துக்கொள்ளும் ஒரு கிழக் குரலில் ஆரம்பித்தார்.

"நேத்துக் கஞ்சி பதிமூணு கரண்டி. இன்னைக்குப் பதினொண்ணு. ரெண்டு கரண்டி எங்க போச்சு? இந்த மூடியில ஓட்டை ஏழு. முந்தாநாளு ஆறுதான இருந்துச்சு. எவன்டா என்னைக் கேக்காம ஓட்டை போட்டது?"

வார்டில் மொத்தம் எட்டுக் கட்டில். யாரோ சிரித்தார்கள், இன்னொருவர் சேர்ந்தார். எனக்குத் தாங்கவில்லை. "நல்லா இருக்கு, அந்தக் குரல் நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம்," என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். முதலில் என் வயிறு குலுங்கியது, பிறகு தோள், பிறகு மணல் மூட்டைகளுக்கு நடுவே தலை. வாய்விட்டுச் சிரித்தேன். கட்டுக்குள் சூடாக எதுவோ வழிந்தது. அப்போதும், வலி வருவதற்கு முன்னால், இன்னும் இரண்டு மூச்சு சிரித்தேன்.

டாக்டர் வந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு, "இருமுனீங்களா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து விவசாயி சொன்னார்.

"வாசிச்சது என் தம்பி, டாக்டர் ஐயா. சிரிச்சது அவரு."

அந்த வாக்கியம் முடியும்போது என் கால்மாட்டில் தூக்குச் சட்டி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஓசை வரக் கூடாது என்று வைத்த சத்தம். அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அன்று கஞ்சி கொடுத்தாள். கரண்டிகளை நான் எண்ணவில்லை.

விவசாயி அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனார். தம்பி என் பக்கம் வரவே பயந்து வெளியே நின்றுகொண்டார். அண்ணன்தான் தடவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"கோவிச்சுக்காதீக. அவன் உங்களை மாதிரிதான் பேசிக் காட்டுனான். நீங்க கண்டுபிடிச்சுக் கோவிச்சுக்குவீகன்னு பயந்தோம். நீங்க இன்னும் இன்னும்னு கேட்டதுல அவனுக்கு நிறுத்த மனசு வரலை."

அந்தக் குரல் யாருடையது என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. வார்டில் மற்ற ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். இடது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. வலது கண்ணில் புரை, ஆள் நிழல் மட்டும் தெரியும். ஒரு மத்தியானம் நான் தூங்கிவிட்டதாக நினைத்து, என் மனைவி பின்கட்டுக்குப் போனாள். எங்கள் சந்தில் இருந்த பெண்கள் நாலைந்து பேர் அங்கே கூடியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கதை வாசிப்பது கேட்டது. நல்ல வாசிப்பு. துடைப்பத்தோடு வரும் மூத்த சம்சாரத்தின் குரலில் கோபத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. பபூன்காரரிடம் அது இல்லை. கான்ஸ்டபிள் முறுக்குக் கடிக்கும்போது சொற்கள் நொறுங்கின. நாடகக்காரி எவளாவது வந்திருக்கிறாளா என்று நினைத்தேன். பிறகு பண்ணையார் குதிருக்குள் இறங்கினார். தொண்டையை இரண்டு முறை செருமினார்.

பெண்கள் சிரித்தார்கள். "அக்கா, அப்படியே அவுகதான்," என்று ஒருத்தி மூச்சு வாங்கச் சொன்னாள். "மெதுவாடி, முழிச்சிக்கிடுவாரு," என்றாள் என் மனைவி.

நான் கூப்பிட்டேன். உள்ளே வந்தாள். வாசி என்றேன். உட்கார்ந்து, அதே பக்கத்தை எடுத்து, துவரம்பருப்பு ரெண்டு படி என்கிற அதே குரலில் வாசித்தாள்.

"அங்க வாசிச்ச மாதிரி எனக்கு ஏன் வாசிக்கலை?" என்று கேட்டேன்.

தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. "டாக்டர் சொன்னப்ப நீங்களும்தான கேட்டுக்கிட்டிருந்தீங்க," என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

1939 ஜனவரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். அதே மணல் மூட்டை, அதே கட்டு, அதே பத்து நாள். மத்தியானம் அவள் வீட்டுக்குப் போகவில்லை, கஞ்சியைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்தாள். அதே நாவலைத்தான் கொண்டுவந்திருந்தாள். கேட்டதற்கு, "இதுல இனிமே புதுசா ஒண்ணும் இல்லல்ல," என்றாள். குதிர்க் கட்டம் வந்தது. பண்ணையார் தொண்டையைச் செருமவில்லை. அவள் குரலில் ஒரு சுருக்கம், ஒரு மேடு, ஒரு பள்ளம் இல்லை. அந்தக் குரல்கள் எல்லாம் அவளுக்குள் இருப்பதை இப்போது நான் அறிவேன். அவற்றில் ஒன்றுகூட வெளியே கசியாமல் பக்கம் பக்கமாகப் பிடித்து நிறுத்தி வாசித்துக்கொண்டு போனாள். சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. அதுவும் கூடாது என்பதால் தொடையைக் கிள்ளிக்கொண்டு கிடந்தேன். வெட்டு கூடிற்று.

கண்ணாடி வந்தது. ஒரு பக்கம் பருமனான கண்ணாடி, மறுபக்கம் கறுப்பு. வந்த அன்று சாயங்காலம் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி, "இப்பச் சிரிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றேன்.

"இப்பத்தான் உங்களுக்குக் கண்ணு தெரியுதே. நீங்களே வாசிச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நானே வாசித்துக்கொள்கிறேன். மனசுக்குள் வாசிக்கும்போது எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசுகிறது, அதுவும் என் குரல். பின்கட்டில் மத்தியான வாசிப்பு இன்றைக்கும் நடக்கிறது. நான் போய் நின்றால் பெண்கள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவார்கள், அவளும் புத்தகத்தை மூடிவிடுவாள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். அதனால் ஒன்றரை மணிக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தூங்குகிறவன் போல மூச்சு விட்டுக்கொண்டு கேட்கிறேன். அறுபத்தேழு வயது. இப்போதும் சிரிப்பை வயிற்றிலேயேதான் நிறுத்த வேண்டியிருக்கிறது. நான் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. சில நாள் சுவருக்குச் சற்று அருகில் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும்.

இடது கண்ணின் கணக்கை எழுதி முடித்துவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு ரூபாய். ஜட்காவுக்கு மூன்று ரூபாய் எட்டணா. புத்தகம் ஆறணா. பபூன்காரருக்கு வெற்றிலைக்கு நாலு மத்தியானத்துக்கு எட்டணா, இதில் கடைசி இரண்டணாவை அவர் வாங்க மறுத்து, அண்ணன் கையில் திணித்தேன். ஆக இருபத்தாறு ரூபாய் ஆறணா.