மூட்டை அரிசி புகும் டாங்கி

மகன் தன் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய டாங்கி மாட்டுகிறான். பெட்ரோல் வாசனை என்னை, வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலிக்குள் கொண்டுபோய்த் தள்ளுகிறது.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போகுமென்று, தோட்டத்திலிருந்து ஒரு பிடி அரிசி வெளியேறினாலும் ஜெயில். கோலா கிளாவாங் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவைப் பார்க்க, அப்பா பழைய மோட்டாரைப் பிரித்துப்போட்டு, வழியில் பெட்ரோல் தீராதிருக்கப் பெரிய டாங்கி பூட்டினார். ஞாயிறு காலை எண்ணெய் வழியத் தலைவாரி, மாப்பிள்ளைபோல் பின்னால் ஏறினேன்.

கேட்டில் காவல்காரர் டாங்கியைத் தட்டினார். "ஒரு மூட்டை அரிசி புகும்லா!"

"பெட்ரோல்தான் அண்ணே, மோந்து பாருங்க."

"என் மூக்கைத் தொரை நம்புவாரா? மோட்டார் வெளிய போவாது."

பழைய டாங்கியை மாட்டிப் போய்த் திரும்புவதற்குள் ஊரடங்கு வந்துவிடும். அப்பா வண்டியைத் திருப்பி வேலிக்கு உள்ளேயே ஓரமாக ஓட்டினார்.

"எங்கப்பா போறோம்?"

"ஒங்கம்மாவப் பாக்கத்தான்," என்றார், எங்கள் வீட்டை மூன்றாம் முறை கடக்கையில்.