உபதேசியார் பயிற்சிக்குப் போன தைலம்மாள்

வெள்ளிமலையில் ஜீப்பை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் தைலம்மாளின் ஊர். முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், ஓடு வேய்ந்த சின்னதாய் ஒரு கோயில். போதகர் இருந்தது கள்ளக்குறிச்சியில். பதினோரு ஊர்ச் சபைகள் அவர் தலையில் இருந்ததால் மாதத்துக்கு ஒரு தடவைதான் மலையேறுவார். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. மற்ற ஞாயிறுகளில் ஜெபம் செய்வது, வேதம் வாசிப்பது, அதற்கு நாலு வார்த்தை விளக்கம் சொல்வது, சாவு வீட்டில் பாட்டு எடுப்பது எல்லாம் தைலம்மாள்தான். ஒன்பது வருடமாக இந்த வேலை. வாரநாளில் சத்துணவுக் கூடத்தில் சமையல்.

ஆனால் அவளிடம் சான்றிதழ் இல்லை. பயிற்சி முடித்து, சம்பளமில்லாத கௌரவ உபதேசியார் என்று சபைத் தலைமையகத்தில் எழுதி வாங்கியவர்கள் மட்டும்தான் பிரசங்க பீடத்தில் ஏறலாம். அதனால் அவள் பீடத்துக்குக் கீழே, தரையில் நின்று பேசினாள். பின்வரிசைக்கு அவள் குரல்தான் கேட்கும், முகம் தெரியாது. குட்டையான பெண்.

தலைமையகம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. வாலிபர் முகாம், தம்பதியர் கூடுகை, பாடகர் பயிற்சி, பெண்கள் மாநாடு, ஞாயிறு பள்ளிக்குப் படம் போட்ட புத்தகம் என்று வருடம் முழுக்க அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருந்தது. எல்லாம் போதகரின் பையில் உட்கார்ந்து, அவர் மலையேறும் நாளில்தான் கூடவே ஏறும். அதற்குள் முகாமே முடிந்து, போன மற்ற ஊர்க்காரர்கள் வெயிலில் கறுத்து வீடு திரும்பியிருப்பார்கள். இருந்தாலும் அறிவிப்பை முழுசாக வாசித்து, வாசித்த தேதியை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகஸ்டு மாதத்தில் நின்றுகொண்டு மே மாத முகாமுக்கு அழைப்பு வாசிப்பாள் தைலம்மாள்.

"அக்கா, போன மே மாசத்துக்கு ஜீப்பு எத்தினி மணிக்கு?" என்று கீழே உட்கார்ந்திருக்கும் பச்சையம்மாள் கேட்பாள். கோயிலே சிரிக்கும். தைலம்மாளும் சிரிப்பாள், வயிறு எரிய.

எண்பத்தேழில் அதிசயமாக ஓர் அறிவிப்பு ஒரு மாதம் முன்னாலேயே வந்து சேர்ந்தது. உபதேசியார் பயிற்சி, மூன்று நாள், கள்ளக்குறிச்சி சபை வளாகத்தில். முதல் முறையாகப் பெண்களும் சேரலாம். வயது நாற்பத்தைந்துக்குள். தைலம்மாளுக்கு நாற்பத்தைந்து ஓடிக்கொண்டிருந்தது. தை பிறந்தால் நாற்பத்தாறு. இதை விட்டால் சாகிறவரைக்கும் தரைதான். போதகரிடம் அங்கேயே கையெழுத்து வாங்கிப் படிவத்தை அனுப்பினாள். கணவர் கந்தசாமி சாமைக் கொல்லையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதே பெரிய விஷயம்.

செப்டம்பரில் அவள் கிளம்பிய அன்றுதான் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வார சாலை மறியல் தொடங்கியது. மலையில் யாருக்கும் தெரியாது. அடிவாரத்தோடு ஜீப் நின்றுவிட்டது. அங்கிருந்து கச்சிராயபாளையம் தாண்டி நடந்தாள். ரோட்டில் புளிய மரங்கள் வேரோடும் வெட்டுண்டும் குறுக்கே கிடந்தன. பையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளைக்கிளையாகப் புகுந்து வந்தாள். ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார்.

"எங்கம்மா போறீங்க? பஸ்சே இல்லியே."

"பயிற்சிக்குங்க. நாளைக்குக் காலையில ஆரம்பம்."

"நாங்களும் முன்னேற ஒரு பாதையக் கேட்டுத்தான் ஒக்காந்துகினு இருக்கோம். நடந்து போறவங்கள எதுக்குத் தடுக்கப் போறோம்? இந்தாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பொழுது சாயும்போது சேலை கிழிந்து, முழங்கால் சிராய்த்து, வளாகத்துக்குள் நுழைந்தாள். மண்டபத்தில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் செயலாளர் ஞானாபரணம் மட்டும் இருந்தார்.

"பயிற்சி முடிஞ்சிட்டுதேம்மா. மறியல் வருதுன்னு நாலு நாள் முன்னாடியே நடத்தி, நேத்து மத்தியானம் சான்றிதழ் கொடுத்து அனுப்பிட்டோம். உங்களுக்குக் கடுதாசி போட்டமே."

"யாருகிட்டங்க கொடுத்தீங்க?"

"உங்க போதகர்கிட்டதான். அடுத்த தடவ மலைக்குப் போறப்ப கொடுக்கறேன்னாரு."

தைலம்மாளுக்கு அழுகை வரவில்லை. மேசையில் இருந்த மைக்கூட்டை எடுத்து அந்த மனிதர் சட்டையில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. பெயர்ப் பட்டியலைக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிடுங்க."

"சிறப்பு அனுமதி கேட்டு எழுதுங்க. கமிட்டியில வச்சிப் பார்ப்பாங்க. போதகர் கையெழுத்து முக்கியம்."

வெள்ளிக்கிழமை முழுக்க வளாகத்து விடுதி அறையில் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கிடந்தாள். ஒன்பது வருடம் தான் செய்தது என்ன வேலை, அதற்கு என்ன பெயர் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. பயிற்சி பெற்று வீடு திரும்பிய எட்டுப் பேரில் ஒருவராவது ஒரு சாவு வீட்டில் பாட்டு எடுத்திருப்பாரா என்று நினைத்தாள். அப்படி நினைத்தது பாவம் என்றும் தோன்றியது. ஆனாலும் நினைப்பை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை காலையில் ஞானாபரணம் தானே விடுதிக்கு வந்தார். குரலில் திடீரென்று மரியாதை கூடியிருந்தது.

"அம்மா, போதகர் மறியல்ல ரிஷிவந்தியத்துல மாட்டிக்கினாரு. சான்றிதழ் வாங்கினவங்க யாரும் பக்கத்துல இல்ல. நாளைக்கு இங்க பெரிய கோயில்ல ஆராதனைய நீங்க நடத்திக் குடுங்களேன். முன்னூறு பேர் வருவாங்க."

"பீடத்துல ஏறியா, தரையில நின்னா?"

"ஏறித்தாம்மா. இன்னா இப்படிக் கேக்கறீங்க? அவசரத்துக்கு ஒண்ணும் தப்பில்ல."

"ஏறலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஊருக்கு எடுத்துக்கினு போறேன்."

"அதெப்படிம்மா எழுதித் தர முடியும்? விதி இருக்குல்ல."

தைலம்மாள் எழுந்தாள். கொடியில் காய்ந்த சேலையை எடுத்து மடித்துப் பைக்குள் திணித்தாள். ஆத்திரத்தில் பையின் வார் கையோடு வந்துவிட்டது, முடிச்சுப் போட்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? ரோட்டுல மரம் கெடக்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழமம்மா!"

"எங்க ஊருக்கும் நாளைக்கு ஞாயித்துக்கிழமதாங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வடக்கே மலையைப் பார்த்து நடந்தாள்.