ரத்த தானப் பாரத்தில் நான் போட்ட டிக்

போன புதன்கிழமை மத்தியானம். கியா பார்ம் சாலையோரக் கடையில் இரண்டு கோஸ் வாங்கிக்கொண்டு, பிரிஞ்சாங் டவுனுக்கு இறங்க வாகனம் ஏதாவது கிடைக்குமா என்று நின்றிருந்தேன். ஜோசப்பின் லோரி வந்து நின்றது.

“ஏறுங்க கிராணி. நானும் டவுனுக்குத்தான் போறேன்.”

நான் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. ஆனால் தேயிலைத் தோட்ட ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காகக் குப்பை கொட்டியவனை இந்த மலையில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஜோசப் லெம்பா பெர்த்தாமில் காய்கறி ஏற்றி, கோலாலம்பூர் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்குகிறவன். நாற்பது தாண்டியவன். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவான்.

ஜோசப் அவன் உண்மைப் பெயர் இல்லை. லோரி ஓட்டுகிறவன் என்று எழுதியிருப்பதால் லோரி ஓட்டுகிறவன் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் கோயில் ஆட்கள் துப்பறியும் வேலையை விட்டுவிட்டு மேலே படியுங்கள். அவனிடம் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் இதை அனுப்புகிறேன்.

பள்ளி விடுமுறை. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. லோரி நகரவில்லை. ஆனால் ஜோசப் சிரித்துக்கொண்டிருந்தான். வாரக்கணக்கில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவன்.

“என்னடா, லாட்டரி அடிச்சிருச்சா?”

“அதுக்கும் மேல கிராணி. மூணு நாளாச்சு, ரத்தம் குடுத்த எடத்துலேர்ந்து போன் வரல. அப்ப நான் கிளியர்தானே?”

முந்தைய ஞாயிறு எங்கள் கோயில் மண்டபத்தில் ரத்த தானம் நடந்தது. இவனும் கொடுத்தான்; மனைவி துணைக்கு வந்திருந்தாள். அதில் கிளியர் ஆக என்ன இருக்கிறது? கேட்டேன். சொல்லிவிட்டான். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் சொன்னான்.

ஐந்து வாரத்துக்கு முன் கோலாலம்பூரில் ஒரு பெண்ணோடு போயிருக்கிறான். ஆணுறை போடவில்லை. பத்து நாள் கழித்து அவளே மெசேஜ் அனுப்பியிருக்கிறாள் – எனக்கு ஹெப்படைட்டிஸ் பி இருப்பதாக டெஸ்ட்டில் சொல்லிவிட்டார்கள், நீயும் உடனே போய்ப் பார்த்துக்கொள் என்று.

இந்தக் கதையில் நேர்மையாக நடந்துகொண்ட ஒரே ஆள் அந்தப் பெண்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

இவன் என்ன செய்தான்? டெஸ்ட்டுக்குப் போகவில்லை. காலையில் எழுந்ததும் லோரிக் கண்ணாடியில் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தான். வீட்டில் முதுகுவலி என்று சொல்லி ஹாலில் படுத்தான். மனைவி அவன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

“கிளினிக்குக்குப் போறதுக்கு என்னடா கேடு?”

“கவர்மெண்ட் கிளினிக்குல பேர் பதியுறது யாரு கிராணி? என் கொழுந்தியா. பிரைவேட்டுக்குப் போனா, மருந்து எடுத்துக் குடுக்கிற பொண்ணு எங்க லைன்ல நாலாவது வீடு. எனக்கு என்ன டெஸ்ட்டுன்னு நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என் மாமியாருக்குத் தெரிஞ்சிரும் லா.”

இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே ஒருவன் இருமினால் அடுத்த தோட்டத்தில் கஷாயம் கொதிக்கும்.

“அப்புறம்தான் யோசிச்சேன். ரத்தம் குடுத்தா அவங்களே எல்லா டெஸ்ட்டும் பண்ணுவாங்க. ஏன் வந்தேன்னு ஒரு பய கேக்க மாட்டான். ஏதாச்சும் இருந்தா போன் பண்ணுவாங்க. புண்ணியமும் ஆச்சு, டெஸ்ட்டும் ஆச்சு!”

எப்படி மூளை? உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும்.

“உன் ரத்தம் யாருக்குப் போகும்னு யோசிச்சியாடா?”

“அதான் டெஸ்ட் பண்ணிட்டுத்தானே குடுப்பாங்க?”

கிருமி உடம்புக்குள் போன முதல் சில வாரங்கள் டெஸ்ட்டில் அகப்படாமல் போகலாம். டெஸ்ட் சுத்தம் என்று சொல்லும். ரத்தத்தில் கிருமி இருக்கும். அதனால்தான் பாரத்தில் அத்தனை கேள்வி கேட்கிறார்கள். கூடவே தரும் தாளில், டெஸ்ட் செய்துகொள்வதற்காக ரத்தம் கொடுக்க வராதீர்கள் என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது. இதையெல்லாம் அவனிடம் கத்திச் சொன்னேன். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜோசப்பின் முகம் கறுத்துப்போனது. மெதுவாகச் சொன்னான்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது கிராணி. ஆனா பாரத்தை எழுதினது நீங்கதானே? எல்லாத்துக்கும் இல்லை, இல்லைன்னு டிக் அடிச்சது நீங்கதானே? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பாரம் என்றால் கிராணி எழுதுவார், ஆள் கையெழுத்துப் போடுவார். அடையாளக் கார்டு, பள்ளிக்கூடம், பென்ஷன் – எல்லாம் அப்படித்தான். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. ஆபீசை விட்டு வந்த பிறகும் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் என் கை அதே வேகத்தில்தான் ஓடுகிறது. பெயர், முகவரி, வயது கேட்பேன். சர்க்கரை, பிரஷர் கேட்பேன். அதற்குக் கீழே ஒரு பகுதி வரும். மனைவி அல்லாத வேறு யாரோடாவது... காசு கொடுத்து... ஆணோடு ஆண்... அதைக் கேட்க மாட்டேன். மேலிருந்து கீழ் வரை ‘இல்லை’ என்று டிக் போட்டு, “இங்க சைன் பண்ணுப்பா” என்பேன்.

நமக்குத் தெரிந்தவர்கள். பூசைக்கு வருகிறவர்கள். அவர்களிடம் போய் இதைக் கேட்பதா? மரியாதை என்று நினைத்தேன். அதிலும் அன்றைக்கு ஜோசப் பக்கத்திலேயே அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நான் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பான்? ஆனால் பாரத்தை அவன் கையில் கொடுத்து, தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து நீயே எழுது என்று சொல்லியிருக்கலாம். வாசிக்கத் தெரியாதவனா அவன்?

லோரியை ஓரம் கட்டச் சொன்னேன். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு சீட்டுத் தருவார்கள். ஏதாவது சொல்ல மறந்திருந்தால் கூப்பிடுங்கள் என்று அதில் ஒரு நம்பர் இருக்கும். ஜோசப் பர்ஸில் அதை நாலாக மடித்து வைத்திருந்தான். போன் பண்ணச் சொன்னேன்.

“என்ன சொல்றது கிராணி?”

“என் ரத்தத்தை யாருக்கும் ஏத்தாதீங்கன்னு சொல்லு.”

“ஏன்னு கேட்டா?”

“வாயத் தொறந்து உண்மையச் சொல்லு! இவ்வளவு நேரம் என்கிட்ட சொன்னேல்ல?”

ஸ்பீக்கரில் ஒரு மலாய்ப் பெண் பேசினாள். சீட்டில் உள்ள எண்ணைக் கேட்டாள். ஜோசப் திக்கித் திக்கி மலாயில் சொன்னான். அவள் திட்டவில்லை. யார், எங்கே என்று தோண்டவில்லை. கொஞ்சம் காத்திருங்கள் என்றாள்.

காத்திருந்தோம். அந்தப் பை இந்த மூன்று நாளில் எங்கே போயிருக்கும்? பிரசவத்தில் ரத்தம் போன ஒருத்திக்கா? ஆபரேஷன் மேசையில் கிடக்கும் யாருக்காவதா? ஜோசப் ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு கிடந்தான். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவள் திரும்ப வந்தாள். பை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, யாருக்கும் போகவில்லை, எடுத்து ஒதுக்கிவிட்டோம், சொன்னதற்கு நன்றி என்றாள். நன்றியாம்! ஜோசப் அழுதுவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவனை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவனுக்குக் கொழுந்தியாவும் இல்லை, நாலாவது வீடும் இல்லை. டாக்டர் சின்ன வயதுப் பெண். சின்ன வயதில் இதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றான். ரத்தம் எடுத்தார்கள். இப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும் சில மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும், அதுவரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் கூடாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். கண் மஞ்சளாகவில்லை என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், பலருக்கு எந்த அறிகுறியும் வராது என்றார். கீழாநெல்லியைப் பற்றி ஜோசப் கேட்கவில்லை. நான் கேட்டேன். டாக்டர் சிரிக்காமல், “டெஸ்ட்டுக்குப் பதிலா அது ஆகாது ஐயா” என்றார்.

மனைவியிடம் சொல்வதுதான் நல்லது என்றும் சொன்னார். ஜோசப் தலையை ஆட்டினான். சொன்னானா? எனக்குத் தெரியாது. அது அவன் பாடு.

என் பாடு வேறு. புதன்கிழமை போனை வைக்கப்போகிற நேரத்தில் அந்த மலாய்ப் பெண் ஒரு கேள்வி கேட்டாள் – பாரத்தில் இல்லை என்று இருக்கிறதே, நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள்? ஜோசப் என்னைப் பார்த்தான். நான் போனை வாங்கி, எழுதியது நான்தான் என்றேன். அடுத்து அவள் கேட்டாள்: அன்றைக்கு இன்னும் எத்தனை பேருக்கு அப்படி எழுதினீர்கள்?

பதினோரு பேர்.

அவர்களிடம் இந்த நம்பரைக் கொடுத்துவிடுங்கள், உங்களிடம் காரணம் சொல்ல வேண்டாம், எங்களிடம் நேராகப் பேசட்டும் என்றாள். இன்றைக்கே.

அன்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இந்த மாதிரிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டுவிட்டேன், அப்படி ஏதாவது இருந்தால் இந்த நம்பரில் பேசுங்கள் என்றேன். ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், “என்னைப் பாத்து இதைக் கேக்க உனக்கு எப்படிய்யா வாய் வந்துச்சு?” என்றார். ஒரு அம்மா, “மொதல்ல என் வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க, பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க” என்று போனை வைத்தார். இன்னொருவன் ஃபாதரிடம் புகார் சொல்லப்போவதாக மிரட்டினான். சொல்லட்டும். ஃபாதர் பெயரும் என் பட்டியலில் இருந்தது, அவரும் சந்தோஷப்படவில்லை.

பத்துப் பேர் திட்டினார்கள். பதினோராவது ஆள் திட்டவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, குரலைத் தாழ்த்தி –

“கிராணி... அந்த நம்பரை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”