வலைப்பூவின் வெளிவாசகர்

இரண்டு வருடம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் என் கணவர் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியபோது, என் அப்பாவும் மாமனாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டது அதைத்தான். பழைய ஓட்டு வீட்டை எடுத்துக் கட்டியதும் திரும்பிவிடுவார். அதுவரை எனக்குக் கல்லூரி வேலை இருக்கிறது, நாள் போவது தெரியாது. வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிரிவு பாதிதான் என்பது போல அவர்கள் பேசினார்கள். நானும் நம்பினேன். வீடு கட்டி முடிந்தது. மாமனார் காலமானார். மகள் பிறந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய அழைப்பு வரும். எங்கள் வீட்டு வழக்கப்படி தொலைபேசி முன்னறை மேசைமேல் வைக்கப்பட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலி கூட்டப்படும். முதலில் மாமியார், பிறகு மகள், கடைசியில் நான். “சாப்பிட்டியா?” என்பார். “ஆமா.” “மழ உண்டா?” “கொஞ்சம் உண்டு.” மாமியார் அருகில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கையில் இதற்குமேல் என்ன கேட்பது? தனியாக எடுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகும் மருமகளை எங்கள் தெருவில் நான் கண்டதில்லை. முதல் ஆளாக நான் இருக்க விரும்பவும் இல்லை.

நான் தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தேன். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பேசவைக்க ஒரு வழி தேடித்தான் அந்த வலைப்பூவைத் தொடங்கினேன். வாரம் ஒரு மாணவர், தன் வீட்டுத் தோட்டமான பறம்பிலோ வயல் வரப்பிலோ நிற்கும் ஒரு செடியைப் படம் எடுத்துப் போட வேண்டும். அறிவியல் பெயரும் குடும்பமும் கட்டாயம். அத்துடன் வீட்டில் அதை எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். மற்றவர்கள் கீழே மறுமொழி இட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

முதல் மாதம் எல்லோரும் “அருமை” என்று மட்டும் எழுதினார்கள். பிறகு புதுக்கடைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கொல்லாமாவின் படத்தைப் போட்டாள். நெல்வயல் கிராமத்துப் பையன் ஒருவன், “ஏட்டி, முந்திரின்னு எழுதுனா கையி தேஞ்சா போவும்?” என்று கேட்டான். அவள் எழுதினாள்: “எங்க வீட்டுல முந்திரின்னு சொன்னா அம்மை திராட்சயத் தேடுவா. நீ வந்து படிப்பிச்சுக் குடு.” அன்றைக்கு வலைப்பூ உயிர் பெற்றது. மண்டைக்காட்டிலிருந்து வரும் பையன் கடற்கரை அடம்பங்கொடியைப் பற்றி மூன்று பக்கம் எழுதினான். வகுப்பில் அவன் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டாள். “அப்படியா? நானும் பாக்கலாமா டீச்சர்?” என்றார் அவர். மாமியார் சிரித்தார். கல்லூரிப் படிப்பை முதல் வருடத்திலேயே விட்டுவிட்டு வயலில் இறங்கியவர் என் கணவர். பிறகு வயலையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டியவர்.

அடுத்த வாரம் ‘வெளிவாசகர்’ என்ற புனைபெயரில் ஒரு மறுமொழி வந்தது. கூடவே ஒரு படம். அவர் தங்கியிருந்த கட்டடத்தின் பின்புறம், குளிர்சாதனப் பெட்டியின் நீர் சொட்டும் குழாய்க்குக் கீழே, கையளவு ஈரத்தில் கீழாநெல்லி முளைத்திருந்தது.

“அங்க இது எப்படிண்ணே வந்துச்சு?” என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

“தொட்டிச் செடி மண்ணுக்க கூட வந்திருக்கும் மக்கா. இப்ப ஏசித் தண்ணியில கெடக்கு, எங்கள மாதிரி.”

அவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. துறையில் ஒரு தோழிக்கு மட்டும் சொல்லியிருந்தேன். எந்தக் களை எந்த நெல் போகத்தில் தலைகாட்டும் என்று அவருக்கு விரல்நுனியில் தெரிந்திருந்தது. எனக்குப் புத்தகத்தில்தான் தெரியும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு பருவத்துக்கும் அவர் எழுதிய களைப் பட்டியலை நான் வகுப்பில் வாசித்தேன். “வெளிவாசகர் அவர்களுக்கு நன்றி. அறிவியல் பெயர்களையும் சேர்த்தால் நன்று” என்று மறுமொழியில் எழுதுவேன். “தேடி எழுதுகேன் டீச்சர்” என்பார். இரண்டு நாளில் தேடி எழுதியும்விடுவார். ஒருமுறை, எல்லோரும் புன்னையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “டீச்சர், ஒங்க ஊரு குளத்தங்கரையில ஒரு புன்னை உண்டே, காலம்பற பூ உதுந்து கெடக்குமே, இப்பவும் நிக்கா?” என்று கேட்டார். கல்யாணத்துக்கு மறுவாரம் நாங்கள் இருவரும் அதனடியில் சிறிது நேரம் நின்றிருக்கிறோம். “நிற்கிறது. இந்த ஆண்டு நன்றாகப் பூத்திருக்கிறது” என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.

அந்த ஆண்டின் இறுதியில்தான் அதை எழுதினார். பிள்ளைகள் மலையடிவாரத்துக்குச் செடி பார்க்கப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே அவர்: “அடுத்த தடவ நானும் உண்டு. இந்தக் காண்ட்ராக்ட் முடிஞ்சா பெட்டியக் கட்டிருவேன். இனி புதுக்குறதா இல்ல.” வீட்டில் பல வருடமாக எவரும் அவரிடம் கேட்கத் துணியாத ஒன்றுக்கு, முப்பது பிள்ளைகளின் நடுவே பதில் சொல்லியிருந்தார். நான் மாமியாரிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஆனால் நான் அலமாரியில் அவருக்கென்று ஒரு தட்டை ஒழித்து வைத்தேன்.

அடுத்த மாதமே ஒரு சம்பவம் நடந்தது. மாணவி ஒருத்தி போட்ட செம்பருத்திப் படத்தின் ஓரத்தில் அவளும் தெரிந்தாள். வெளியாள் யாரோ ஒருவன் அவளைப் பற்றித் தகாத முறையில் மறுமொழி எழுதிவிட்டான். அவளுடைய தந்தை புதுக்கடையில் கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டிவிட்டு நேரே துறைக்கு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. “பிள்ளையப் படிக்க விட்டிருக்கேன் டீச்சர். ஊரு பாக்க விடல்ல” என்றார்.

அன்று பிற்பகலே துறைக்கூட்டம் நடந்தது. வலைப்பூவை அழைப்புப் பெற்றவர் மட்டும் வாசிக்கும்படி மாற்றுவது, அழைப்பு மாணவருக்கு மட்டும் என்று முடிவாயிற்று. அந்த விதியை முன்மொழிந்தவள் நான்தான். கூட்டம் முடிந்ததும் தோழி என் காதோடு சொன்னாள்: “ஒங்க வீட்டுக்காரர மட்டும் உள்ள வச்சுக்கிடுங்க டீச்சர். யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே” என்றேன்.

அன்று அதை நேர்மை என்று எண்ணினேன். அதில் பாதிதான் நேர்மை. வகுப்புக்கென்று தொடங்கிய இடத்தில் டீச்சர் தன் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எவரேனும் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் மறுபாதி. அழைப்புப் பட்டியலில் மாணவர்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அவருடையதைச் சேர்க்கவில்லை. ‘இவ்வலைப்பூ மாணவர்க்கு மட்டுமே உரியது, ஏனையோர் பொறுத்தருள்க’ என்ற வரியையும் நானே எழுதினேன். முன்கூட்டி அவரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மேசையைச் சுற்றி எல்லோரும் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

என் முறை வந்தபோது அவரே சொன்னார்: “நோட்டீசு பாத்தேன். நல்ல தமிழு.”

“ஒரு பிரச்சினை ஆயிட்டு. அதனாலயாக்கும்.”

“சரிதானே. பொம்பளப் பிள்ளைக படிக்குத எடம்.” பிறகு அவரே கேட்டார்: “சாப்பிட்டியா?”

“ஆமா” என்றேன்.

நான்கு மாதம் கழித்து அவர் ஒப்பந்தத்தை மறுபடியும் புதுப்பித்தார். மேற்பார்வைப் பொறுப்பு கிடைத்திருப்பதாக மாமியாரிடம் சொன்னார்; மாமியார் கோயிலில் பாயசம் வைத்தார். நான் கதவை அடைத்ததால்தான் அவர் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் தங்கிவிடுவதற்குப் பல காரணங்கள் இருக்கும். ஆனால் திரும்பி வருவதைப் பற்றி அவர் பேசிய இடம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி எங்கேயும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகள் படித்து முடித்துப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு வலைப்பூ பழையதாகிவிட்டது. அவர்கள் கைப்பேசிக் குழுவில் பாடக்குறிப்பு கேட்டார்கள், கொடுத்தேன். மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனாள். சென்ற ஆண்டு, மாணவர் முகங்கள் தெரியும் படங்களை எல்லாம் நீக்கிவிட்டு, வலைப்பூவை மறுபடியும் எல்லோருக்குமாகத் திறந்தேன். இம்முறை அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். தொலைபேசியை அறைக்குள் எடுத்துப் போய்ச் சொன்னேன். “பாக்குதேன்” என்றார்.

இப்போது மாதம் ஒரு செடியைப் பற்றி நானே எழுதுகிறேன். யார் எந்த நாட்டிலிருந்து வந்து வாசித்தார்கள் என்று காட்டும் ஒரு பக்கம் அதில் உண்டு. நான் எழுதிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அதில் ஓமான் என்று ஒரு வரி தோன்றும். வேறு வரி எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் இதுவரை மறுமொழி எதுவும் எழுதவில்லை. அந்த வலைப்பூவில் இப்போது நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம்.