மௌனம் சம்மதம் ஆகாது, மேடம்!

சட்டம் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு: நாம் நடத்தியதை மாணவர்கள் உடனே எங்காவது பிரயோகித்துப் பார்த்துவிடுவார்கள். வகுப்பெடுத்துத் தொண்டை கட்டிப்போன சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா? கணவருக்கு ஹைதராபாத் மாற்றலானபோது, செகந்திராபாத்தில் ஒரு மாடியறையில் மாலை வகுப்பு எடுத்தேன். ஊரெங்கும் மென்பொருள் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம்.

ஒப்பந்தம்

செந்தில் மதுரைக்காரன். ஹைடெக் சிட்டியில் வேலை. ஒப்பந்தப் பாடத்தில், "ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது" என்றேன். அவன் முகம் வெளிறிவிட்டது. கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறான்; பல நாளாகப் பதில் இல்லை. சம்மதம்தான் என்று நினைத்து, ஊரில் அம்மாவிடமும் சொல்லிவிட்டான்!

செல்போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினான். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பாடம் எங்கே நடந்தது? திரும்பி வந்தவன் முகமெல்லாம் பல். சிகரெட்டை விட்டால் சம்மதம் என்றாளாம். "நிபந்தனை போட்டால் அது சம்மதம் இல்லைப்பா, எதிர் முன்மொழிவு. இப்போது நீதான் ஏற்கவேண்டும்" என்றேன்.

"போன்லயே ஏத்துக்கிட்டேன் மேடம், பாக்கெட்டையும் கீழே கடாசிட்டேன்!"

சாட்சி

மாதிரி நீதிமன்றம் நடத்தினோம். வழக்கு, கோழித் திருட்டு. சாட்சி, மௌலா அலியிலிருந்து வரும் இம்ரான். "கண்ணால் பார்த்தீர்களா?" என்றதற்கு "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டுப் பலமாகத் தலையாட்டினான். துருவிக் கேட்டதில், பார்த்தது அவன் மாமா. இவன் கேட்டதோடு சரி. பிறர் சொல்லக் கேட்டது சாட்சியம் ஆகாது, இறங்கு என்றேன். கூண்டாக வைத்திருந்த நாற்காலியை விட்டு அவன் இறங்கவில்லை.

"ஐசா நக்கோ போலோ மேடம், அப்படிச் சொல்லாதீங்க, எங்க மாமூ பொய்யே சொல்லமாட்டார்!"

இரு தரப்பு

யாரையும் விசாரிக்காமல் தண்டிக்கக்கூடாது என்று நடத்திய அன்று, ஜோதி வீங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள். மெட்டுகுடாவில் பெண்கள் விடுதி ஒன்றில் இருந்தாள். மொட்டைமாடிக் கொடியில் அவள் துணிகளுக்கு நடுவே ஓர் ஆண் சட்டை கிடந்ததாம். வார்டன் சரோஜா, வேலூர்ப் பக்கம், ஒரு வார்த்தை கேட்காமல் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது ஊரில் பெட்டியோடு எங்கே போவாள்?

வகுப்பு முடிந்ததும் நேரே போய் வார்டன் முன்னால் நின்றிருக்கிறாள். "ஆன்ட்டி, ஒக்கசாரி நா மாட வினண்டி. ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்க. அந்தச் சட்டையையும் கொண்டு வாங்க." சட்டை வந்தது. வார்டன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் நீல நூலால் பொத்தான் தைத்தது அவரேதான்; பக்கத்து மாடியில் காயப்போட்ட அவர் வீட்டுக்காரர் சட்டை, காற்றில் பறந்து வந்திருக்கிறது.

ஜோதியைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டவர், மறுநாள் மைசூர்பாகு டப்பாவோடு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு பக்கமும் கேக்கணும்னு சொல்லித் தர்றீங்களாமே, எங்க மாமியாருக்கும் ஒரு கிளாஸ் எடுங்களேன்!"

என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் வக்கீல் ஆனார்களோ தெரியாது, ஆனால் அவர்களிடம் வாதாடி நான் ஜெயித்ததாக ஒரு நாளும் ஞாபகம் இல்லை.